வழிமுறையா, விடையா, தோராயமா?

2006ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று ஏர்பஸ்ஸின் தாய் நிறுவனமான இஏடிஎஸ்ஸின் பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் சரிந்தது. உலகின் மிகப் பெரிய பயணி விமானமான ஏ380, வாங்கியவர்களுக்குச் சொன்ன காலத்தில் போய்ச் சேராது என்று அதற்கு முந்தைய மாலை அறிவிப்பு வந்திருந்தது. விமானம் பறக்காமல் இல்லை. 2005 ஏப்ரலிலேயே அது வானேறிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் மின்கம்பி.

ஓர் ஏ380க்குள் ஓடும் கம்பிகளின் மொத்த நீளம் சுமார் 530 கிலோமீட்டர். தனித்தனிக் கம்பிகளாக எண்ணினால் ஏறத்தாழ ஒரு லட்சம். இவற்றைக் கொத்துக் கொத்தாகக் கட்டி உடற்பகுதிக்குள் இழுக்க வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் உடற்பகுதியின் முன்துண்டும் பின்துண்டும் தயாராகி, கப்பல், படகு, சாலை என்று மாறிமாறிப் பயணித்து, பிரான்சின் துலூஸ் நகரத்துக்கு வந்தன. அங்கே துண்டுகளைச் சேர்த்து, கம்பிக் கொத்துகளை இணைக்கப் போனபோது பல இடங்களில் கம்பி எட்டவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் துலூஸுக்கு வந்து, இழுத்த கம்பிகளைக் கையால் பிரித்து மறுபடி இழுத்தார்கள்.

இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஒவ்வொரு விமான நிறுவனமும் கேபினை ஒவ்வொரு விதமாகக் கேட்டது. எடை குறைக்கச் செம்புக்குப் பதிலாகப் பல இடங்களில் அலுமினியக் கம்பி போட்டார்கள். அலுமினியத்தைச் செம்பைப் போல இறுக்கமாக வளைக்க முடியாது, வளைவு பெரிதானால் கம்பியின் பாதையும் நீளமும் மாறும். நிறுவனத்துக்குள் நாடுகளுக்கிடையிலான இழுபறியும் இருந்தது. ஆனால் இவை எல்லாவற்றையும் சமாளித்திருக்க வேண்டிய கணினி மாடலே இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஹாம்பர்க்கில் வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தியது கட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பு. துலூஸில் ஐந்தாம் பதிப்பு. இரண்டையும் செய்தது டசோ சிஸ்டம்ஸ் என்ற ஒரே நிறுவனம்தான். ஆனால் ஐந்தாம் பதிப்பு பழையதைத் திருத்தி எழுதியது அல்ல, அடியிலிருந்து புதிதாக எழுதியது. இங்கே செய்த மாற்றம் அங்கே முழுதாகப் போய்ச் சேரவில்லை. முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குக் கிடைத்தது. தாமதத்தால் பல ஆண்டுகளில் 480 கோடி யூரோ அளவுக்கு லாபம் குறையும் என்று நிறுவனம் 2006 அக்டோபரில் கணக்குச் சொன்னது.

கணினிவழி வடிவமைப்பில் மாடலை இன்னொருவருக்கு அனுப்பும்போது எந்த ஃபார்மட்டில் சேமிப்பது என்ற கேள்வியைப் பெரும்பாலோர் கடைசி நிமிடத்தில், பட்டியலில் கண்ணில் பட்ட பெயரைத் தட்டி முடித்துவிடுகிறார்கள். சுவரின் தடிமன் எவ்வளவு, எந்த உலோகம் என்பதெல்லாம் எப்படிப் பொறியியல் முடிவுகளோ, இதுவும் அப்படியே. ஒவ்வொரு ஏற்றுமதியிலும் மாடலிலிருந்து ஏதோ ஒன்று கழிகிறது. எது கழிகிறது என்று தெரிந்து அனுப்புவதுதான் திறமை.

மாடலுக்குள் மூன்று அடுக்கு

வட்டமான ஓர் உலோகத் தட்டு, அதில் நான்கு போல்ட் துளைகள். குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச். இதை இன்றைய மென்பொருளில் வரைபவர் உண்மையில் வடிவத்தை வரைவதில்லை, கட்டளைகளை அடுக்குகிறார். 120 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம். அதை 12 மில்லிமீட்டர் உயரத்துக்கு இழு. இந்த இடத்தில் 10 மில்லிமீட்டர் துளை. அதே துளையைச் சுற்றிலும் நான்காக்கு. விளிம்பை 2 மில்லிமீட்டருக்கு உருட்டு. மென்பொருள் இந்த வரிசையை அப்படியே நினைவில் வைத்துக்கொள்கிறது. நாளைக்கு 12 என்பதை 15 ஆக்கினால் மற்றதெல்லாம் தானாகத் திரும்பக் கணக்கிடப்படும். துளை நான்கு ஆறானாலும் அப்படித்தான். சாமுவேல் கெய்ஸ்பெர்க் தொடங்கிய பிடிசி நிறுவனம் 1980களின் இறுதியில் புரோ-எஞ்சினியர் என்ற மென்பொருள் வழியாக இந்த முறையைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்தது. இன்று ஏறக்குறைய எல்லா முன்னணி மென்பொருள்களும் இவ்வழிதான்.

இந்தக் கட்டளைகளை ஓட்டினால் கிடைப்பது இரண்டாம் அடுக்கு: பரப்புகள், விளிம்புகள், முனைகள். எந்தப் பரப்பு எந்த விளிம்பில் எதனோடு ஒட்டுகிறது என்ற உறவும் இதில் சேர்த்தி. இங்கே துளை என்பது ஓர் உருளைப் பரப்பு. அதற்கு ஓர் அச்சு, ஓர் ஆரம், அவ்வளவே. கார் பானெட் போன்ற நெளிவான பரப்பு என்றால் அதற்கும் துல்லியமான கணிதம் உண்டு. ரெனோவில் பியர் பெசியேவும் சித்ரோயனில் பால் தெ காஸ்டெல்ஜோவும் தனித்தனியாகக் கண்டடைந்த வளைகோடுகளின் வழிவந்த கணிதம் அது. இப்படித் திடப்பொருளை அதன் எல்லைப் பரப்புகளால் வரையறுக்கும் வேலையை 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயன் பிரெய்டும் அவருடைய தோழர்களும் செய்தார்கள். அவர்களுடைய கைவழி வந்தவைதான் பாராசாலிட், ஏசிஸ் என்ற இரண்டு கணித எஞ்சின்களும். கெர்னல் என்று தொழிலில் சொல்லும் இந்த எஞ்சின், வடிவமைப்பு மென்பொருளின் வயிற்றுக்குள் இருந்துகொண்டு எல்லா வடிவக் கணக்கையும் செய்கிறது. சாலிட்வொர்க்ஸ், என்எக்ஸ், சாலிட் எட்ஜ், ஆன்ஷேப் ஆகியவை போட்டியாளர்கள்தான். ஆனால் நான்குக்கும் உள்ளே இருப்பது பாராசாலிட்.

மூன்றாம் அடுக்கு கண்ணுக்குத் தெரிவது. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு உருளை தெரியாது, முக்கோணம்தான் தெரியும். அதனால் மென்பொருள் ஒவ்வொரு வளைந்த பரப்பையும் பொடிப்பொடி முக்கோணங்களாக்கித் திரைக்கு அனுப்புகிறது.

பள்ளிக் கணக்குப் பரீட்சையை நினைத்துப் பாருங்கள். முதல் அடுக்கு வழிமுறை, இரண்டாவது விடை, மூன்றாவது விடையின் தோராய மதிப்பு. வழிமுறை இருந்தால் விடையைப் பெறலாம். விடை இருந்தால் தோராய மதிப்பை எழுதலாம். 1.414 என்ற எண்ணை மட்டும் கையில் கொடுத்தால், அது இரண்டின் வர்க்கமூலமா, வேறேதோ அளவா என்று ஊகிக்க மட்டுமே முடியும். மேலிருந்து கீழே இறங்குவது ஒரு சொடுக்கு. கீழிருந்து மேலே ஏறுவது சில சமயம் பல நாள் உழைப்பு, பல சமயம் முடியாத காரியம். ஃபார்மட்டைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த மூன்றில் எந்த அடுக்கை அனுப்புகிறோம் என்று முடிவு செய்வது.

முக்கோணங்களின் மொழி

மூன்றாம் அடுக்கின் ஃபார்மட்டுகளில் ஊரறிந்தது எஸ்டிஎல். சக் ஹல் என்ற அமெரிக்கர், திரவப் பிளாஸ்டிக்கைப் புறஊதாக் கதிரால் அடுக்கடுக்காக உறைய வைத்துப் பொருள் செய்யும் முறைக்கு 1984இல் காப்புரிமை கேட்டு, 1986இல் பெற்றார். அவருடைய 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் அந்த எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, மாடலை எந்திரத்துக்குள் கொண்டுபோக ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்காக 1987இல் உருவானது இந்த ஃபார்மட்.

அதன் எளிமை அசரவைக்கும். முதலில் 80 பைட் தலைப்பு. அடுத்த 4 பைட்டில் மொத்தம் எத்தனை முக்கோணம் என்ற எண்ணிக்கை. பிறகு ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 50 பைட்: அது எந்தத் திசை பார்க்கிறது, மூன்று முனைகள் எங்கெங்கே. இதற்கு மேல் எதுவும் கிடையாது. ஒரு கனசதுரத்துக்கு ஆறு முகம், முகத்துக்கு இரண்டு முக்கோணம், மொத்தம் 12. எனவே கோப்பின் அளவு 84 கூட்டல் 600, ஆக 684 பைட். எந்த மென்பொருளிலும் ஒரு கனசதுரம் செய்து பைனரி எஸ்டிஎல்லாகச் சேமித்துப் பாருங்கள், இதே எண்தான் வரும்.

முப்பரிமாண அச்சுக்கு இது ஏன் பொருந்தியது? அந்த எந்திரம் பொருளை மெல்லிய கிடைமட்டத் தகடுகளாக வெட்டி ஒவ்வொன்றாக அச்சிடுகிறது. ஒரு தளம் ஒரு முக்கோணத்தை வெட்டினால் கிடைப்பது ஒரு நேர்கோட்டுத் துண்டு. அத்துண்டுகளைக் கோத்தால் அந்த அடுக்கின் எல்லைக்கோடு கிடைத்துவிடும். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். 1987ஆம் ஆண்டின் கணினியாலும் செய்ய முடிந்த வேலை. இருக்கும் எந்திரத்துக்குத் தேவையானதை மட்டும் சொன்னார்கள், மிகச் சரியாகச் சொன்னார்கள். அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

குறை, அது போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய்விட்டதில் இருக்கிறது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பேரிங் துளையை எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதி அமைப்பு சற்று முரட்டுத்தனமாக இருந்து, வட்டத்தை 36 பக்கங்களாக உடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உண்மையான வட்டத்துக்கும் நேர்கோட்டுக்கும் இடையே 0.19 மில்லிமீட்டர் விலகல் வரும். பேரிங் பொருந்துவதற்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹெச்7 பொருத்தத்தில், இந்த அளவுத் துளைக்கு அனுமதிக்கப்படும் மொத்த வேறுபாடே 0.035 மில்லிமீட்டர்தான். அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட பிழை, கருவி உலோகத்தைத் தொடும் முன்பே கோப்புக்குள் புகுந்துவிட்டது.

பக்கங்களை 360 ஆக்கினால் விலகல் 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே போகும். எண்ணளவில் பிரச்சினை தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் கணினி இயக்கும் சிஎன்சி வெட்டு எந்திரத்துக்கு நிரல் எழுதும் மென்பொருள் அந்தக் கோப்பில் துளையைத் தேடினால் கிடைக்காது. அதற்குத் தெரிவதெல்லாம் ஒடுக்கமான தட்டைப் பட்டைகள். இங்கே ஒரு துளை இருக்கிறது, இதன் மையம் இது, இதற்கு இந்த ரீமர் என்று அது தானாகச் சொல்லாது. வட்ட வளைவில் ஒரே சீராகப் போக வேண்டிய வெட்டுக்கருவி நூற்றுக்கணக்கான குட்டி நேர்கோடுகளில் போகும். வேலை செய்பவர் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு அளவெடுத்து முதலிலிருந்து வரைவார்.

இன்னொரு வெற்றிடம் இதைவிட ஆபத்தானது. எஸ்டிஎல்லில் அலகு கிடையாது. 10 என்று எழுதியிருந்தால் அது பத்து மில்லிமீட்டரா, பத்து அங்குலமா, பத்து மீட்டரா என்று கோப்பு சொல்லாது. 254 மில்லிமீட்டர் நீளப் பாகத்தை அங்குலத்தில் வேலை செய்தவர் அனுப்பினால் அதில் 10 என்றிருக்கும். பெறும் மென்பொருள் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் ஒரு சாண் நீளப் பொருள் விரல் நகமளவில் வந்து நிற்கும். இத்தனை பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும் என்பதுதான் ஆறுதல். பெட்டிக்குள் பெட்டியாகப் பல பாகங்கள் சேர்ந்து வரும்போது ஒன்று மட்டும் இப்படிச் சுருங்கினால் அந்த ஆறுதலும் இல்லை. எதிரே இருக்கும் அளவு 25.4 மடங்கு கூடியோ குறைந்தோ இருந்தால் அங்குலக் குழப்பம் என்று உடனே சந்தேகப்படலாம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு முக்கோணமும் தன் முனைகளைத் தானே எழுதிக்கொள்கிறது. கனசதுரத்துக்கு எட்டு முனைதான். கோப்பில் 36 முனைகள் எழுதப்பட்டிருக்கும். பக்கத்து முக்கோணம் யார் என்று எந்த முக்கோணத்துக்கும் தெரியாது. இலக்கங்களைச் சுருக்கும்போது ஒரே முனை இரண்டு இடத்தில் இம்மி வேறுபட்டு எழுதப்பட்டால் அங்கே விரிசல் விழும். பொருளுக்கு உள்ளே எது வெளியே எது என்று அச்சு மென்பொருள் தடுமாறும்.

இந்தக் குறைகளைத் தீர்க்க 2015இல் மைக்ரோசாஃப்டும் பல நிறுவனங்களும் சேர்ந்து 3எம்எஃப் என்ற ஃபார்மட்டைக் கொண்டுவந்தன. அலகு உண்டு, நிறம் உண்டு, முனைகள் ஒருமுறைதான் எழுதப்படும், கோப்பும் சுருக்கி வைக்கப்படுகிறது. முப்பரிமாண அச்சுக்கு அனுப்புகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுவே. பெறுபவரின் மென்பொருள் 3எம்எஃப்பைப் படிக்கிறது என்றால் எஸ்டிஎல்லை அனுப்பக் காரணமே இல்லை.

எண்பது எழுத்து வரிகள்

இரண்டாம் அடுக்கின், அதாவது விடையின், வரலாறு இன்னும் முன்பே தொடங்குகிறது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் ஒவ்வொரு வடிவமைப்பு மென்பொருளும் தனித் தீவு. போயிங்கும் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் தங்களுக்குள்ளேயே வரைபடங்களை மாற்றிக்கொள்ள மாற்றிகளை எழுதி வைத்திருந்தன. 1979இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பின் முயற்சியில் இந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒன்றுகூடினார்கள். 1980இன் தொடக்கத்திலேயே ஐஜெஸ் என்ற பொது ஃபார்மட் அச்சில் வந்துவிட்டது. சில மாதங்களில் ஒரு தொழிலுக்கே பொது மொழி எழுதியது பெரிய சாதனை.

ஐஜெஸ் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் 80 எழுத்தில் நிற்கும். பழைய கணினிகளின் துளையட்டையின் அகலம் அது. வரிகளின் 73ஆம் இடத்தில் உள்ள எழுத்து, அந்த வரி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லும். அந்தக் காலத்தின் வேலை பெரும்பாலும் கோடுகளும் தனித்தனிப் பரப்புகளும்தான். அவற்றை ஐஜெஸ் நன்றாகக் கொண்டுபோனது. திடப்பொருள் பின்னால் வந்த பதிப்புகளில் சேர்ந்தது, ஆனால் எல்லா மென்பொருளும் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தரத்தில் தனக்குப் பிடித்த பகுதியை மட்டும் எழுதியதால் ஒரே ஐஜெஸ்ஸுக்குள் பல வட்டார வழக்குகள் உண்டாயின. கடைசிப் பதிப்பு 1996இல் வந்தது. அதன்பின் அது வளரவில்லை.

இன்றும் ஐஜெஸ்ஸைத் திறந்தால் திடமாக அனுப்பியது ஓட்டைப் பரப்புகளின் குவியலாக வருவது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. இதில் நுட்பமான கணிதம் ஒன்று இருக்கிறது. இரண்டு வளைபரப்புகள் சந்திக்கும் விளிம்பைப் பெரும்பாலும் துல்லியமான சமன்பாடாக எழுத முடியாது. எல்லா மென்பொருளும் அதை ஏதோ ஒரு நுண்ணளவுக்குள் தோராயமாகத்தான் கணக்கிடும். அந்த நுண்ணளவுக்குள் இரு பரப்புகள் நெருங்கிவிட்டால் 'ஒட்டிவிட்டன' என்று அது முடிவு செய்யும். கட்டியாவின் ஐந்தாம் பதிப்பில் வழக்கமாக இந்த அளவு 0.001 மில்லிமீட்டர். பாராசாலிட்டில் 0.00001 மில்லிமீட்டர், நூறு பங்கு கடுமை. முன்னதில் 0.0008 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது மூடிய பொருள். வெறும் பரப்புகளாகப் பின்னதற்கு வந்தால் அதே இடைவெளி ஒரு பிளவு. இரண்டு மென்பொருளும் தத்தம் கணக்கில் சரிதான். எது எதோடு ஒட்டுகிறது என்ற உறவைச் சேர்த்து அனுப்பாததுதான் கோளாறு.

அந்த உறவையும் சேர்த்து அனுப்பும் ஃபார்மட் ஸ்டெப். பன்னாட்டுத் தர அமைப்பில் 1984இல் தொடங்கிய வேலை, ஐஎஸ்ஓ 10303 என்ற எண்ணோடு 1994இல்தான் முதல் வெளியீடு கண்டது. பத்து ஆண்டு! ஐஜெஸ்ஸின் சில மாதங்களோடு ஒப்பிட்டால் பொறுமை சோதிக்கும் வேகம். ஆனால் அந்தப் பத்து ஆண்டில் அவர்கள் ஒரு தயாரிப்பைப் பற்றிக் கணினிக்குச் சொல்ல வேண்டியது என்னென்ன என்று அடிப்படையிலிருந்து யோசித்தார்கள். முனைகள், விளிம்புகள், பரப்புகள், இவை சேர்ந்த மூடிய ஓடு, ஓட்டுக்குள் திடப்பொருள், பல பாகங்கள் சேர்ந்த முழு எந்திரம் என்று படிப்படியாக எல்லாவற்றுக்கும் இலக்கணம் வகுத்தார்கள்.

ஸ்டெப் கோப்பை நோட்பேடில் திறந்து படிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் இருக்கும், ஒரு வரி மற்ற வரிகளை எண் சொல்லி அழைக்கும். 25 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பரப்பு அங்கே ஒரே வரி: கோளப் பரப்பு என்ற பெயர், அது எங்கே நிற்கிறது என்பதற்கு வேறொரு வரியின் எண், ஆரம் 25. அதே கோளத்தை எஸ்டிஎல்லில் ஒரு லட்சம் முக்கோணமாக்கினால் கோப்பு 50 லட்சம் பைட்டாகும். அப்போதும் அது கோளமல்ல. அலகு மில்லிமீட்டர் என்பதும் ஸ்டெப்பில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும்.

ஸ்டெப்பாகச் சேமிக்கப் போனால் ஏபி203, ஏபி214, ஏபி242 ஆகியவற்றில் எந்த வகை என்று மென்பொருள் கேட்கும். முதலாவது விமானத் தொழில் பக்கத்திலிருந்தும் இரண்டாவது கார் தொழிலிலிருந்தும் வந்தவை. 203இன் முதல் பதிப்பில் நிறம்கூடக் கிடையாது. இரண்டையும் இணைத்து 2014இல் வந்தது 242. அது கொண்டுவந்த பெரிய மாற்றம், வடிவத்தோடு தயாரிப்புக் குறிப்புகளும் சேர்ந்து பயணிப்பது. இந்தத் துளையில் கூட்டல் கழித்தல் 0.02 அனுமதி, இந்த முகம் அந்த முகத்துக்கு இவ்வளவு செங்குத்து என்பன போன்ற குறிப்புகள்.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தக் குறிப்பு இரண்டு விதமாகப் போகலாம். ஒன்று, எழுத்துகளின் வடிவம் கோடுகளாகப் போவது. மனிதர் படிப்பார், கணினிக்கு அது கிறுக்கல். மற்றது, 0.02 என்ற எண்ணாகவும், அது எந்தப் பரப்புக்குரியது என்ற தொடர்பாகவும் போவது. இரண்டாவது வந்தால் அளவுபார்க்கும் எந்திரம் தானே அந்தத் துளையைத் தேடிப் போய்த் தொட்டுப் பார்க்கும் நிரலை எழுதிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல். அனுப்பும் முன் ஏற்றுமதி அமைப்பில் எது தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

வழிமுறையைக் கொடுப்பதா

அப்படியானால் மென்பொருளின் சொந்தக் கோப்பையே அனுப்பிவிட்டால் எதுவும் கழியாதே? இருவரிடமும் ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு இருந்து, இருவரும் ஒரே வடிவமைப்பில் வேலை செய்கிறார்கள் என்றால் அதைவிடச் சிறந்த வழி இல்லை. முதல் அடுக்கை வேறெந்தப் பொது ஃபார்மட்டும் நம்பிக்கையாகக் கொண்டுபோவதில்லை. ஆனால் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது. ஏர்பஸ் கதையில் பார்த்தது போல, பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து உள்ளே இருப்பதும் ஒன்று என்று நம்பக்கூடாது.

அதோடு, வழிமுறை என்பது அறிவுச் சொத்து. ஒரு பம்ப்பின் இம்பெல்லர் எந்தச் சூத்திரத்தில் வளைகிறது, எந்த அளவு மாறினால் எது மாறும் என்பதெல்லாம் அந்தக் கோப்புக்குள் இருக்கிறது. வார்ப்பு செய்து கொடுப்பவருக்கு அது தேவையில்லை, வடிவம் போதும். ஸ்டெப்பாக அனுப்பினால் வழிமுறை வீட்டிலேயே தங்கிவிடுகிறது. கழிவது எப்போதும் நஷ்டமில்லை. இருவரின் மென்பொருளும் பாராசாலிட்டை உள்ளே கொண்டவை என்றால், பாராசாலிட்டின் சொந்தக் கோப்பான எக்ஸ்டியை அனுப்பலாம். மொழிபெயர்ப்பே தேவைப்படாததால் விடை சிதையாமல் போகும், வழிமுறை போகாது. தொழிலில் பலர் பயன்படுத்தாமல் விட்டுவிடும் நல்ல வழி இது.

இந்த மொழிபெயர்ப்புச் சிக்கலின் விலையை அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 1999இல் மதிப்பிட வைத்தது. அமெரிக்கக் கார் தொழிலிலும் அதற்குப் பாகம் செய்து கொடுப்பவர்களிடமும் மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி டாலர் வீணாகிறது என்று வந்தது கணக்கு. அதில் பெரும்பங்கு, உடைந்து வந்த கோப்புகளைச் சரிசெய்வதற்கும் திரும்ப வரைவதற்கும் போன உழைப்பு.

காலத்துக்குள் அனுப்புவது

பகிர்வது என்றால் இன்னொருவருக்கு மட்டுமல்ல, எதிர்காலத்துக்கும்தான். பி-52 குண்டுவீச்சு விமானத்தின் கடைசிப் பிரதி 1962இல் தயாரானது. அது இன்னும் பறக்கிறது, 2050கள் வரை பறக்கவைக்கத் திட்டமிருக்கிறது. இப்படி நீண்ட காலம் உழைக்கும் எந்திரங்களை இன்று வடிவமைக்கும் மென்பொருளோ, அதை விற்கும் நிறுவனமோ அத்தனை காலம் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இதற்காக ஐரோப்பிய, அமெரிக்க விமானத் தொழிலினர் சேர்ந்து லோட்டார் என்ற பெயரில் விதிமுறைகள் வகுத்திருக்கிறார்கள். ஸ்டெப்பில் சேமிப்பது அதன் அடிப்படை. அது வெளிப்படையான தரம், வெறும் எழுத்துக் கோப்பு. இலக்கணப் புத்தகம் இருந்தால் எந்தக் காலத்திலும் ஒருவர் அதைப் படிக்கும் நிரலை எழுதிவிடலாம்.

அவர்கள் சேர்த்துக்கொண்ட இன்னொரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. மாடலோடு அதன் கன அளவு, மேற்பரப்பு, நிறைமையம் ஆகியவற்றையும் எண்களாக எழுதி வைக்கிறார்கள். பிற்காலத்தில் திறக்கும் மென்பொருள் தான் புரிந்துகொண்ட வடிவத்தில் அதே மூன்றையும் புதிதாகக் கணக்கிட்டு ஒப்பிடும். எங்காவது ஒரு பரப்பு தொலைந்திருந்தால், ஒரு துளை அடைபட்டிருந்தால், எண் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த முறைக்கு விமானக் கம்பெனி தேவையில்லை. யாரும் செய்யலாம். அடுத்த முறை மாடல் அனுப்பும்போது, முதலில் பெறுபவரிடம் இதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். எந்திரத்தில் கடையவோ, அச்சு வார்க்கவோ, வேறொரு பாகத்தோடு பொருத்திப் பார்க்கவோ என்றால் ஸ்டெப் கொடுங்கள். 242ஐ அவர் படிக்க முடியாவிட்டால் 214. முப்பரிமாண அச்சுக்கு 3எம்எஃப். லேசரில் தகடு வெட்டுபவருக்குத் தட்டையான டிஎக்ஸ்எஃப். அதில் கோட்டின் மேல் கோடு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் எந்திரம் இரண்டு முறை வெட்டும். வாடிக்கையாளர் கைபேசியில் சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் ஜிஎல்டிஎஃப் போன்ற இலகுவான முக்கோணக் கோப்பு போதும். எதை அனுப்பினாலும், ஏற்றுமதி செய்த கோப்பை நீங்களே வேறொரு மென்பொருளில் ஒருமுறை திறந்து பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் இதற்குப் போதும். பிறகு அஞ்சலில் மூன்று விவரங்களை எழுதுங்கள்: அலகு என்ன, நீள அகல உயரம் எவ்வளவு, கன அளவு எவ்வளவு. பெறுபவரை அவற்றைச் சரிபார்த்துப் பதில் போடச் சொல்லுங்கள். அந்தப் பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.